காபியில் சர்க்கரைக்குப் பதில் தேன் சேர்க்கலாமா? அது உடம்புக்கு நல்லதா?

தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் தேன் என்றதும் மருந்துபோல நினைத்துவிட வேண்டாம். தேனில் ஏறக்குறைய 80 சதவீதம் சர்க்கரைதான், மீதியில் பெரும்பகுதி தண்ணீர். ஒரு டீஸ்பூன் சர்க்கரையில் 16 கலோரி என்றால், ஒரு டீஸ்பூன் தேனில் 21. தேன் கனமானது, அதே கரண்டியில் எடை அதிகமாக ஏறும். எனவே சர்க்கரை நோய் உள்ளவர்கள் தேனையும் சர்க்கரைக் கணக்கில்தான் வைக்க வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் சுவைதான். தேனில் அதிகம் இருப்பது பிரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை. சூடு ஏற ஏற அதன் இனிப்பு நாக்குக்குக் குறைவாகத் தெரியும். ஆவி பறக்கும் காபியில் தேன் போட்டு, இனிப்பு போதவில்லை என்று இன்னொரு கரண்டி ஊற்றினால், ஆறியதும் திகட்டும். அதனால் டபராவில் நன்றாக ஆற்றி, குடிக்கும் சூட்டுக்கு வந்த பிறகு அரை டீஸ்பூன் சேர்த்துச் சுவை பாருங்கள். தேனின் மணமும் அப்போதுதான் நிற்கும்.

கோல்டு காபிக்கு இது நேர்மாறு. ஜில்லென்ற பாலில் தேன் கரையாது, அடியில் ஒட்டிக்கொள்ளும். சூடான டிகாஷனிலேயே கலக்கிவிட்டு, அப்புறம் பாலும் ஐஸும் சேருங்கள்.

தேனில் இயல்பாகவே கொஞ்சம் அமிலம் உண்டு, எனவே பழைய பாலாக இருந்தால் திரியக்கூடும். கருத்த மலைத்தேன் காபி மணத்தையே அமுக்கிவிடும். வெளிர் நிறத் தேன்தான் பொருத்தம், அதிலும் சிக்கரி கலக்காத பொடியோடு.