முன்பணம், போலீஸ், கையெழுத்து: உயிருக்குப் போராடுபவரிடம் எது முதலில்?

கேள்வி: இரவு பத்தரை மணிக்கு பைபாஸ் ரோட்டில் பைக்கோடு விழுந்து கிடந்த ஓர் இளைஞரை, ஆட்டோவில் ஏற்றி அருகிலிருந்த தனியார் மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். "இது போலீஸ் கேஸ், ஜி.எச்.சுக்குப் போங்க" என்றார்கள். கெஞ்சிய பிறகு, "முப்பதாயிரம் கட்டுங்க, இந்த ஃபார்மில் கையெழுத்துப் போடுங்க" என்றார்கள். பயந்துபோய் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டோம். அவர் பிழைத்துக்கொண்டார். அந்த மருத்துவமனை செய்தது சரியா? கையெழுத்துப் போட்டிருந்தால் நான் மாட்டியிருப்பேனா? போலீஸ் கூப்பிட்டால் போகத்தான் வேண்டுமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: சரியில்லை. ஆனால் ஜி.எச்.சுக்கு அனுப்பியதில் தவறு இல்லை, கைவைக்காமல் அனுப்பியதில்தான் தவறு. புகார் எழுதும்போது பலரும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

"போலீஸ் கேஸ்" என்ற சாக்கு 1989-லேயே செத்துவிட்டது. பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு மருத்துவரானாலும் தனியார் மருத்துவரானாலும் காயம்பட்டவரின் உயிரைக் காப்பதே முதல் கடமை, காவல்துறை நடைமுறைகள் அதற்குக் குறுக்கே வரக்கூடாது என்று சொல்லிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவும் பணியிலிருக்கும் மருத்துவர் எந்தச் சம்பிரதாயத்துக்கும் காத்திராமல் உடனே கவனிக்க வேண்டும் என்கிறது. போலீசுக்குத் தகவல் சொல்வது மருத்துவமனையின் வேலை. ஒருவர் ஊசி போடும்போதே இன்னொருவர் போன் செய்யலாம்.

முன்பணமும் அப்படித்தான். 2001-இல் கொல்கத்தாவில் பேருந்து மோதிய ஒரு மாணவருக்குத் தனியார் மருத்துவமனை ஒன்று சிகிச்சையைத் தொடங்கியது. 15,000 ரூபாய் உடனே கட்டவில்லை என்று பாதியில் நிறுத்தியது. வேறு மருத்துவமனைக்குப் போகும் வழியில் அவர் இறந்துபோனார். பெற்றோர் தொடுத்த வழக்கில் தேசிய நுகர்வோர் ஆணையம் 2005-இல் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. காசு கொடுக்காதவர் நுகர்வோரே இல்லை என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

அதற்காகச் சின்ன நர்சிங் ஹோம் மூளை அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. சி.டி. ஸ்கேனும் நரம்பியல் அறுவை மருத்துவரும் இல்லாத இடத்தில் தலைக்காயம்பட்டவரைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் ஆபத்து. கடமை, நிலைப்படுத்தி அனுப்புவது. அதாவது வாயிலுள்ள ரத்தத்தையும் வாந்தியையும் உறிஞ்சி மூச்சுப்பாதையைச் சரிசெய்வது, ஆக்சிஜன் வைப்பது, கழுத்துக்குக் காலர் போடுவது, ரத்தம் கொட்டும் இடத்தை அழுத்திக் கட்டுவது, பெரிய ஊசியாகப் பார்த்து இரண்டு கைகளிலும் ஐ.வி. லைன் போடுவது, உடைந்த எலும்புக்கு மட்டை கட்டுவது. பிறகு போகும் இடத்துக்கு போன் செய்து சொல்லிவிட்டு, ஆக்சிஜன் உள்ள ஆம்புலன்சில், ரெஃபரல் கடிதத்தோடு அனுப்ப வேண்டும். வந்த நேரம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், 15-க்கு எத்தனை என்ற நினைவுநிலை மதிப்பெண், கொடுத்த மருந்துகள், அனுப்பும் காரணம் எல்லாம் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். கடிதம் இல்லாமல் போனால் அடுத்த இடத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவார்கள். உள்ளுக்குள் ரத்தம் கசிகிறவருக்கு அந்த நேரம் பெரிய விலை.

ஆகவே அடுத்த முறை வாசலில் சட்டம் பேசி நேரத்தைக் கரைக்க வேண்டாம். "முதலுதவி செய்து, எழுதிக் கொடுத்து அனுப்புங்க" என்று கேளுங்கள். "முடியாது என்றால் அதையும் எழுதிக் கொடுங்க" என்றால், பெரும்பாலும் ஸ்ட்ரெச்சர் வந்துவிடும்!

பணத்துக்கும் வழி இருக்கிறது. தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. அதில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை வேண்டாம், வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசின் திட்டத்தில் ஏழு நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை பெறலாம். "இந்தத் திட்டத்தில் நீங்கள் இருக்கிறீர்களா?" என்பதே கவுண்டரில் முதலில் கேட்க வேண்டியது.

இனி கையெழுத்து. வழியில் பார்த்தவரின் கையெழுத்து, அறுவை சிகிச்சைக்கான சம்மதமே ஆகாது. நோயாளி நினைவோடு பேசும், வயது வந்தவர் என்றால் அவர் சொல்வதுதான் சம்மதம், கூடவந்த மாமா மச்சான் சொல்வது அல்ல. நினைவில்லை, உறவினர் இல்லை, காத்திருந்தால் உயிர் போகும் என்றால், சம்மதம் இல்லாமலே மருத்துவர் சிகிச்சை செய்யலாம். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ஆம் பிரிவு அவருக்குப் பாதுகாப்பு. நிலைமையை நேரத்தோடு கேஸ் ஷீட்டில் எழுதி, இன்னொரு மருத்துவரின் கையெழுத்தையும் வாங்கிவைப்பது நல்ல வழக்கம். ஆனால் இந்த விலக்கு உயிரைக் காப்பதற்கு மட்டும்தான். "திறந்ததுதான் திறந்தோம்" என்று அவசரமில்லாத இன்னொன்றையும் சேர்த்துச் செய்துவிட முடியாது. 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது.

உங்களிடம் நீட்டிய தாளில் மாட்டக்கூடிய இடம் வேறு. "கட்டணத்துக்கு நான் பொறுப்பு" என்ற வரி பல படிவங்களில் சின்ன எழுத்தில் இருக்கும். அதை அடித்துவிட்டு, "அழைத்து வந்தவர் மட்டும், உறவினர் அல்ல" என்று எழுதலாம், அல்லது கையெழுத்தே போடாமல் வரலாம்.

போலீஸ் விஷயத்தில் பயம் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 134ஏ பிரிவும் 2020-இல் வந்த விதிகளும் உங்களைப் போன்றவர்களுக்காகத்தான். பெயரையோ முகவரியையோ சொல்லும்படி போலீசோ மருத்துவமனையோ கட்டாயப்படுத்த முடியாது. நீங்களாக விரும்பிச் சாட்சி சொன்னால், உங்களுக்கு வசதியான இடத்தில், ஒரே முறையில் வாக்குமூலத்தை முடிக்க வேண்டும்.

ஆனால் பேசுவதைப் பார்த்துப் பேசுங்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் நீங்கள் சொல்வது ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் ஏறும். 'ஏ.ஆர். காப்பி' என்கிறார்களே, அதுதான். விழுந்து கிடந்தவரை மட்டுமே பார்த்துவிட்டு, "ஸ்கிட் ஆகி விழுந்துட்டார்" என்று ஊகித்துச் சொன்னால், "தானாக விழுந்தார்" என்று பதிவாகும். பின்னால் அந்தக் குடும்பம் இழப்பீடு கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனால், காப்பீட்டு நிறுவனம் முதலில் தூக்கிக் காட்டுவது அந்த வரியைத்தான். "விழுந்து கிடந்தார், எப்படி என்று பார்க்கவில்லை" என்று சொல்லுங்கள். வண்டி எண்ணைப் பார்த்திருந்தால் அதையும் எழுதச் சொல்லுங்கள். இடித்த வண்டி எது என்றே தெரியாவிட்டாலும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும் கிடைக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

அடையாளம் தெரியவேண்டும் என்று காயம்பட்டவரின் முகத்தைப் படமெடுத்து வாட்ஸாப் குழுக்களில் போடாதீர்கள். அவர் பதிந்து வைத்திருந்தால், அவருடைய போனைப் பூட்டிய நிலையிலேயே அவசரத் தொடர்பு எண்ணைப் பார்க்க முடியும். பர்ஸ், நகை, போன் எல்லாவற்றையும் ஒரு தாளில் பட்டியலிட்டு, பணியிலிருக்கும் செவிலியரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள்.

புகார் கொடுப்பதென்றால், நேரில் பார்த்தவர் என்ற முறையில் மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநருக்கு நீங்களே எழுதலாம். அன்றைய தேதி, நேரம், 108-ஐ அழைத்த பதிவு ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். மருத்துவர் பெயர் தெரிந்தால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்கும் எழுதலாம். இழப்பீடு கேட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது அந்த இளைஞரின் உரிமை. அதற்கு இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு.