ஈப்போ பழைய நகரை வழிகாட்டி இல்லாமல் சுற்றலாமா? ஈயத்தின் தடம் பிடித்து நடங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "பள்ளி விடுமுறைக்கு ஜொகூரில் இருந்து அக்கா குடும்பம் வருகிறது. ஈப்போ பழைய நகரை நாங்களே நடந்து பார்க்க நினைக்கிறோம். அப்பாவுக்கு 70 தாண்டிவிட்டது, காலமெல்லாம் தோட்டத்தில் ரப்பர் பால் மரம் வெட்டியவர், மெதுவாகத்தான் நடப்பார். இரண்டு சின்னப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வழிகாட்டி வைக்க வேண்டுமா? எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது?"

வழிகாட்டி தேவையே இல்லை, அக்கா. பழைய நகர் சின்னது. நான் சொல்லும் சுற்று மொத்தமும் மூன்று கிலோமீட்டருக்குள் அடங்கும், மேடு பள்ளமும் கிடையாது. ஆனால் ஒரு விஷயம், எல்லாரும் கையில் வைத்துக்கொண்டு அலையும் சுவரோவிய வரைபடத்தை மட்டும் பின்பற்றாதீர்கள். அந்த ஓவியங்கள் 2014இல் எர்னஸ்ட் சகாரெவிச் என்ற லிதுவேனிய ஓவியர் வரைந்தவை, நல்ல வேலைதான், ஆனால் வெயில் மழையில் சில மங்கிவிட்டன. அவற்றைத் தேடித் தேடிப் படம் எடுத்துக்கொண்டே போனால், ஈப்போ ஏன் ஈப்போ ஆனது என்று தெரியாமலே வீடு திரும்புவீர்கள். இது ஈயத்தால் எழுந்த ஊர். ஈயம் எங்கே கிடைத்தது, யார் வாங்கினார், காசு எங்கே போனது, எப்படி வெளியூர் போனது என்று அந்தத் தடத்தைப் பிடித்து நடந்தால் ஒவ்வொரு கட்டடமும் தானாகப் புரியும். ரயிலில் வருபவர்கள் இந்தத் தடத்தின் வால் பக்கத்தில் இருந்து தொடங்குகிறோம், அவ்வளவுதான்.

காரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், பழைய நகரில் விடுமுறை நாளில் வண்டி நிறுத்த இடம் தேடுவதற்குள் பிள்ளைகள் சோர்ந்துவிடும். சுங்கை சிப்புட் நிலையத்தில் இடிஎஸ் மின்சார ரயிலில் ஏறினால் அரைமணி நேரத்துக்குள் ஈப்போ. டிக்கெட்டை மட்டும் சில நாள் முன்பே எடுத்துவிடுங்கள், விடுமுறையில் இருக்கை சீக்கிரம் தீர்ந்துவிடும். அப்பாவின் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், மூத்த குடிமக்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு.

இறங்கிய உடனே வெளியே ஓடாதீர்கள். முதல் இடமே அந்த நிலையம்தான். ஹப்பேக் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வடிவமைத்தது, 1917இல் முடிந்தது. முதல் உலகப் போரில் கட்டுமானப் பொருள் கிடைக்காமல் வேலை இழுத்ததாம். ஒரு சுரங்க ஊருக்கு இத்தனை பெரிய வெள்ளை மாளிகை எதற்கு என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். ஈப்போ இருக்கும் கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகிலேயே மிகச் செழிப்பான ஈய வயல்களில் ஒன்று, அந்தச் செல்வத்தை வந்து இறங்கும் ஒவ்வொருவருக்கும் காட்டத்தான் இது. இன்னொன்றும் சொல்லுங்கள்: இந்த நாட்டில் தண்டவாளம் போட்டவர்களில் பெரும்பகுதி நம்ம ஆட்கள், தமிழ்நாட்டில் இருந்து வந்த கூலிகள். கல்வெட்டில் அவர்கள் பெயர் இருக்காது. நிலையத்துக்கு எதிரே ஓர் ஈப்போ மரம் நிற்கிறது, ஊருக்குப் பெயர் கொடுத்த மரம், இதன் பாலைத்தான் ஒராங் அஸ்லி பழங்குடி மக்கள் ஊதுகுழல் அம்பில் விஷமாகத் தடவினார்கள். உங்கள் அப்பா வெட்டிய பால் மரத்தோடு ஒப்பிட்டு அவரையே பேச விடுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்.

நகர மண்டபத்தைத் தாண்டினால் பர்ச் மணிக்கூண்டு, 1909. ஈப்போ இருக்கும் பேராக் மாநிலத்தின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக, அதாவது சுல்தானுக்கு ஆலோசகராக வைக்கப்பட்ட அதிகாரியாக இருந்து 1875இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்ட ஜே. டபிள்யூ. டபிள்யூ. பர்ச்சின் நினைவாகக் கட்டியது. பக்கத்துச் சாலைப் பெயர்ப் பலகையைப் பாருங்கள், ஜாலான் டத்தோ மகாராஜா லேலா. பர்ச்சைக் கொன்றதற்காகத் தூக்கிலிடப்பட்டவர் அவர்தான். செத்தவருக்கு மணிக்கூண்டு, தூக்கிலே போனவருக்குச் சாலை, இரண்டும் இப்போது அக்கம்பக்கம். வளர்ந்த பிள்ளை என்றால் இங்கேயே பத்து நிமிடம் வாதாடும்.

அதே சாலையில் மெதுவாக நடங்கள், காசு போன பாதை இதுதான். சார்ட்டர்ட் பேங்க், ஹாங்காங் பேங்க் என்று பெரிய வங்கிக் கட்டடங்கள் வரும், ஹாங்காங் பேங்க் கட்டடம் 1931. ஆனால் நான் எல்லாரையும் நிறுத்திக் காட்டுவது ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் கட்டடத்தை, 1907. அந்தக் கம்பெனி 1887இல் தொடங்கி, லம்பக்காரர்களிடம், அதாவது சுரங்கக்காரர்களிடம், ஈய மண்ணை வாங்கி, சிங்கப்பூரின் புலாவ் பிரானியிலும் பிறகு பட்டர்வொர்த்திலும் உருக்கி விற்றது. சுரங்கம் தோண்டியவரைவிட வாங்கி உருக்கியவர் நிலையாகப் பணக்காரர் ஆனார் என்று அந்தக் கட்டடத்தின் முகப்பே சொல்லும். ரப்பர் பாலுக்கும் இதே கதைதானே.

நடுவே திடல் பக்கம் போக நேரம் இருந்தால் 1908இல் எழுந்த இந்திய முஸ்லிம் பள்ளிவாசலையும், 1912இல் தொடங்கிய செயின்ட் மைக்கேல் பள்ளியையும் வெளியில் இருந்து பார்த்துவிட்டு வரலாம். அப்பா களைத்திருந்தால் விட்டுவிடுங்கள், நட்டமில்லை.

அப்புறம் ஜாலான் பிஜே தீமாவில் ஹான் சின் பெட் சூ. ஹக்கா சீனச் சுரங்க முதலாளிகளின் சங்கம், 1893இல் லியோங் ஃபீ என்பவர் தொடங்கியது, இப்போதைய கட்டடம் 1929. உள்ளே அருங்காட்சியகம். முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள், கதவைத் தட்டினால் திறப்பார்கள் என்று நம்ப வேண்டாம். இங்கேதான் ஈயம் எடுத்த விதம் புரியும்: பெரிய சாய்வு வாய்க்காலான பாலோங்கில் சேற்றைத் தண்ணீரோடு ஓட விட்டால் கனமான ஈய மண் அடியில் தங்கிவிடும், மணல் ஓடிவிடும். ஆற்றில் மரத் தட்டை வைத்து அலசிய டூலாங் பெண்கள் செய்ததும் அதையேதான், சின்ன அளவில். அபின், சூது என்று அந்தக் காலத்து வாழ்க்கையையும் மறைக்காமல் காட்டியிருக்கிறார்கள், சின்னப் பிள்ளைகளுக்கு எவ்வளவு விளக்குவது என்பது உங்கள் பாடு.

பக்கத்தில்தான் எல்லாரும் போகும் கான்குபைன் சந்து. சனி ஞாயிறில் நெருக்கித் தள்ளும், பொம்மைக் கடையும் ஐஸ்கிரீமும்தான். ஐந்து நிமிடத்தில் கடந்துவிடுங்கள், பிள்ளைகள் அழுதால் பத்து. வெள்ளைக் காப்பி குடிக்க ஜாலான் பண்டார் தீமாவில் பழைய கடைகள் இருக்கின்றன. மார்ஜரின் போட்டு வறுத்த கொட்டை, கெட்டிப்பால், காலை எட்டரைக்குள் போனால் மேசை கிடைக்கும். அதற்காக நடையின் வரிசையை மாற்றி முதலில் இங்கே பசியாறிவிட்டு நிலையப் பக்கம் திரும்பினாலும் சரி.

இத்தனை பழைய கட்டடம் எப்படித் தப்பியது என்று கேட்பார்கள். 1985 அக்டோபரில் சர்வதேச ஈய மன்றத்திடம் விலையைத் தாங்கிப் பிடிக்கப் பணம் தீர்ந்தது, விலை சரிந்தது, லம்பங்கள் வரிசையாக மூடின. இடித்துவிட்டு மாடி கட்ட அப்போது இங்கே யாரிடம் காசு இருந்தது? வறுமைதான் காப்பாற்றியது என்பேன்.

பதினொன்றரைக்குள் நடையை முடித்துவிட்டு ஜாலான் லாஹாட் பக்கம் லிட்டில் இந்தியாவுக்கு வாருங்கள். வாழை இலைச் சாப்பாடு, பூக்கடை, துணிக்கடை எல்லாம் இருக்கிறது. நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயிலும் இந்தச் சாலையில்தான். சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் வட்டிக்குக் கடன் கொடுத்தவர்கள் செட்டியார்கள், அதனால் ஈயத் தடத்தில் இந்தக் கோயிலும் ஒரு நிறுத்தம். நடை திறந்திருக்கும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், மத்தியானம் சாத்திவிடுவார்கள்.

அப்பாவுக்காகச் சில விஷயம். கடைவரிசையின் ஐந்தடி நடைபாதையில் நிழல் இருக்கும், ஆனால் கடைக்குக் கடை தரை உயரம் மாறும், படி தடுக்கும், எனவே கைப்பிடித்து நடங்கள். கழிப்பறைக்கு ரயில் நிலையத்தையும் சாப்பாட்டுக் கடையையும் நம்புங்கள். மத்தியானத்துக்கு மேல் ஈப்போவில் மழை பெய்யும் வாய்ப்பு அதிகம், குடை கட்டாயம்.

தெம்பு மிச்சமிருந்தால், மத்தியானம் நடக்காமல் வாடகைக் கார் பிடித்து பத்து காஜா பக்கம் டிடி5 ஈயக் கப்பலுக்குப் போங்கள். 1938இல் கட்டியது, 4,500 டன், 1982 வரை குட்டையில் மிதந்தபடியே மண்ணை அள்ளிக்கொண்டு இருந்தது. பிள்ளைகளுக்கு நாள் முழுவதிலும் இதுதான் பிடிக்கும், காலையில் நீங்கள் சொன்ன வரலாறெல்லாம் காற்றில் போய்விடும், பரவாயில்லை. ஏணிப்படி செங்குத்தாக இருக்கும், அப்பாவைக் கீழேயே உட்கார வைத்துவிடுங்கள். திரும்பும் ரயிலை மாலை ஐந்துக்கு மேல் எடுங்கள். நிலையத்துக்குத் திரும்பும் வழியில் வாடகைக் காரைப் புந்தோங்கில் நிறுத்தச் சொல்லி கச்சாங் பூத்தே வாங்கிக்கொள்ளலாம், எட்டயபுரத்தில் இருந்து வந்த குடும்பங்கள் அங்கே தலைமுறையாகச் செய்யும் முறுக்கும் கடலையும், ஜொகூர் அக்காவுக்குக் கொடுத்தனுப்ப ஒரு பொட்டலம் சேர்த்து வாங்குங்கள்.