மருத்துவப் பதிவுகளும் பிளாக்செயினும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

அம்மாவின் கிளினிக் கொப்பி மழையில் நனைந்து எழுத்தெல்லாம் கரைந்துவிட்டது. பிளாக்செயின் வந்தால் இந்தத் தொல்லை தீருமா? (சாவகச்சேரி வாசகி)

கொப்பி நனைந்தாலும் பதிவு அழியாதிருக்க, ஆஸ்பத்திரியில் கணினிப் பதிவும் ஒழுங்கான காப்புப் பிரதியும் இருந்தாலே போதும், அம்மா. 2021இல் இலங்கையின் தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபையின் தரவுகள் அழிந்துபோன செய்தி, காப்புப் பிரதியின் அருமையை நாட்டுக்கே உணர்த்தியது. பிளாக்செயின் என்பது பல கணினிகளில் ஒரே விதமாக வைக்கப்படும் பதிவுச் சங்கிலி. அதன் வேலை வேறு: எழுதியதைப் பின்னர் யாரேனும் இரகசியமாக மாற்றினால் அது காட்டிக்கொடுக்கும். 'மெட்ஃபோர்மின் 500 மி.கி.' என்ற நீரிழிவு மருந்து வரியை எஸ்.எச்.ஏ.-256 என்னும் கணிப்புமுறையில் இட்டால் 64 குறிகள் கொண்ட கோவை ஒன்று கிடைக்கும். 500ஐ 850 ஆக்கினால் அக்கோவை முழுவதுமே வேறாகிவிடும். இத்தகைய கோவைகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டுப் பல நிறுவனங்களின் கணினிகளில் ஒரே விதமாக இருப்பதால், ஓரிடத்தில் மட்டும் திருத்திவிட்டு மறைக்க இயலாது.

எனது நோய் விபரம் அழிக்க முடியாத சங்கிலியில் ஏறிவிடுமா? (நல்லூர் வாசகர்)

ஏற்றவே கூடாது என்பதே என் உறுதியான நிலைப்பாடு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவுகளைத் தனி வகையாகக் கருதுவதுடன், திருத்தவும் அழிக்கவும் கோரும் உரிமையையும் வகுத்துள்ளது. அழியாத சங்கிலியோ அதற்கு முரணானது. ஆகவே பதிவு ஆஸ்பத்திரியிலேயே இருக்க, அதன் கோவை மட்டும் சங்கிலிக்குச் செல்ல வேண்டும். அதிலும் ஓர் ஆபத்து உண்டு. ஒரு மருந்தின் பெயர் போன்ற சிறிய தகவலாயின், மருந்துப் பட்டியலை ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்தே கோவையின் மூலத்தைக் கண்டுபிடித்துவிடலாம். கோவை கணிக்கும் முன் இரகசிய எண்ணொன்றைச் சேர்ப்பது இதனாலேயே கட்டாயமாகிறது. எஸ்தோனியாவில் தம் பதிவை யார் திறந்து பார்த்தார் என்பதை நோயாளர் தாமே பார்க்கலாம். நமக்கு முதலில் வேண்டியது அந்த உரிமை.

பிட்கொயின் போல மின்சாரத்தை விழுங்குமா? (கோப்பாய் மாணவர்)

இல்லை. அனுமதி பெற்ற நிறுவனங்கள் மட்டும் இணையும் சங்கிலிக்கு, பிட்கொயின் என்னும் இணைய நாணயத்தில் மின்சாரத்தை விழுங்கும் கணினிகளின் கணிப்புப் போட்டி தேவையில்லை.

போலி மருந்தைத் தடுக்குமா? (பருத்தித்துறை மருந்தக உரிமையாளர்)

ஓரளவு தடுக்கும், ஐயா. பெட்டிக்குரிய தனி இலக்கம் உற்பத்தியாளரிடமிருந்து தங்கள் கடைவரை கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் பதியப்பட்டால், ஒரே இலக்கம் இரண்டு ஊர்களில் தோன்றியதும் ஐயம் எழும். ஆனால் 2023இல் வெளிவந்த, இம்யூனோகுளோபுலின் என்னும் ஊசிமருந்தின் கொள்வனவு விவகாரத்தில் போலி ஆவணங்கள் பற்றிய குற்றச்சாட்டு எழுந்ததை நினைத்துப் பாருங்கள். பொய்யான ஆவணமே முதலில் பதியப்பட்டால் சங்கிலி அந்தப் பொய்யைத்தான் பழுதின்றிக் காக்கும். குப்பிக்குள் இருப்பது எது என்பதை ஆய்வுகூடம்தான் சொல்ல வேண்டும்.