காது நரம்புக் கட்டி அறுவைக்குப் பிறகு அப்பா தள்ளாடுகிறார். வாக்கரை எப்போது விடலாம்?

நீங்கள் கேட்டது இது: அப்பாவுக்கு 58 வயது. வலது காது நரம்பில் இருந்த கட்டியை (அகூஸ்டிக் நியூரோமா) எடுத்து நான்கு வாரம் ஆகிறது. கை காலில் பலவீனம் இல்லை. சக்கரம் இல்லாத வாக்கரில் நடக்கிறார், திரும்பும்போது தள்ளாடுகிறார். கைத்தடிக்கு எப்போது மாறலாம்? தலையை அசைக்காமல் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று உறவினர்கள் சொல்வது சரியா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: சரியில்லை. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் அந்த ஓய்வுதான் தள்ளாட்டத்தை மாதக்கணக்கில் இழுத்துவிடும்.

இரண்டு உள்காதும் நாள் முழுக்க மூளைக்குச் சமமான செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். தலை திரும்பும்போது ஒரு பக்கம் கூடும், மறுபக்கம் குறையும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் தலை எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று மூளை கணக்குப் போடுகிறது. கட்டியோடு சேர்த்து வலது சமநிலை நரம்பும் போய்விட்டால் அந்தப் பக்கச் செய்தி நின்றுவிடும். சும்மா படுத்திருந்தாலும் சுழல்வதுபோல் மூளைக்குத் தோன்றும். அறுவை முடிந்த முதல் சில நாள் வாந்தியும், கண் தானாக ஒரு பக்கம் வெட்டி வெட்டி ஓடியதும் இதனால்தான். படுத்திருக்கும்போது வரும் அந்தச் சுழற்சி சில நாளில், மிஞ்சினால் சில வாரத்தில் பெரும்பாலும் தானாக அடங்கும்.

தலையை அசைக்கும்போது வருகிற தள்ளாட்டம் அப்படித் தானாகப் போவதில்லை. தலை திரும்பும்போது பார்வை ஒரு கணம் வழுக்கி, எதிரில் இருப்பது மங்குகிறது அல்லவா, அந்தப் பிழையைப் பார்த்துப் பார்த்துத்தான் மூளை புதுக் கணக்கைக் கற்கிறது. அசையாமல் இருந்தால் பிழையே வராது, கற்கவும் வழியில்லை. தலைசுற்றலை அமுக்கும் புரோக்ளோர்பெரசின், சின்னரிசின் போன்ற மாத்திரைகளை வாரக்கணக்கில் தொடர்ந்தாலும் இதே கதைதான். முதல் சில நாளைக்கு அவை தேவை. இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அடுத்த ரிவ்யூவில் "இது இன்னும் வேண்டுமா?" என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அதனால் வாக்கரோ தடியோ, அவர் தைரியமாகத் தலையைத் திருப்பி அதிக தூரம் நடக்க உதவ வேண்டும். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கழுத்தை விறைப்பாக வைத்து, தரையையே பார்த்து நடக்கிறார் என்றால் அது பாதி வேலைதான் செய்கிறது.

இப்போது வாக்கர். சக்கரம் இல்லாததை ஒவ்வொரு அடிக்கும் தூக்கி வைக்க வேண்டும். தூக்கும் அந்தக் கணத்தில் அவருக்குப் பிடிமானமே இல்லை. சமநிலைக் குறைவு உள்ளவர் தடுமாறுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ரப்பர் புஷ் உள்ள வாக்கர் இவருக்குப் பொருந்தும். பல மாடல்களுக்கு முன்கால் சக்கரம் தனியாகவே கிடைக்கும். குழாயின் விட்டம் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள், மாட்டியபின் முன்னும் பின்னும் ஒரே உயரத்துக்குச் சரி செய்யுங்கள். நாலு சக்கரமும் பிரேக்கும் உள்ள ரோலேட்டர் இப்போதைக்கு வேண்டாம். சாய்ந்தால் அது முன்னால் ஓடிவிடும், அதே கணத்தில் பிரேக்கை அழுத்தும் கவனம் இந்தக் கட்டத்தில் இருக்காது.

உயரத்தைப் பலர் கண் மதிப்பில் வைத்துவிடுகிறார்கள். வீட்டில் போடும் செருப்போடு நிமிர்ந்து நிற்கச் சொல்லுங்கள், கைகள் தொங்கட்டும். மணிக்கட்டின் மடிப்புக் கோடு எந்த உயரத்தில் இருக்கிறதோ அங்கே கைப்பிடி வர வேண்டும். பிடித்து நிற்கும்போது முழங்கை 20 முதல் 30 டிகிரி மடங்கியிருக்கும். கால்களில் உள்ள பட்டன் துளைகள் பெரும்பாலும் ஓர் அங்குல இடைவெளியில் இருக்கும். நாலு காலும் ஒரே உயரத்தில் இருக்கிறதா, ஒவ்வொன்றிலும் பட்டன் "டக்" என்று முழுதாக வெளியே வந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். உயரம் குறைந்தால் கூனி, தரையைப் பார்த்தே நடப்பார். கூடினால் தோள் தூக்கிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் கழுத்து வலிக்கும், அறுவைத் தழும்பு இருக்கும் பக்கம் இன்னும் அதிகமாக.

நாற்காலியிலிருந்து எழும்போது வாக்கரைப் பிடித்து இழுத்து எழுந்தால் அது அவர் மேலேயே சாயும். நாற்காலியின் கையை அழுத்தி எழுந்து, நின்றபின் வாக்கரைப் பிடிக்க வேண்டும். நடக்கும்போது வாக்கரை ஓர் அடி தூரத்துக்கு மேல் முன்னால் தள்ளக் கூடாது. அதேபோல் முன் கம்பியில் கால் இடிக்கும் அளவுக்கு உள்ளே போகவும் கூடாது, பின்பக்கமாக விழுவது அப்படித்தான். அவருடைய சிக்கலே திரும்புவதில் என்பதால் இதைத் தனியாகப் பழக்குங்கள். நின்ற இடத்தில் சுழலாமல், போகவேண்டிய திசையில் ஒரு பொருளை முதலில் கண்ணால் பிடித்து, நாலைந்து சிறிய அடியில் அரைவட்டமாக வர வேண்டும். இரண்டு காலும் எப்போதும் சட்டத்துக்குள்ளேயே இருக்கட்டும்.

கூட நடப்பவர் கையைப் பிடித்து இழுப்பதும் அக்குளில் கை கொடுப்பதும் நம் வீடுகளில் வழக்கம். அவர் சரியும்போது அது தோளைத்தான் காயப்படுத்தும். இடுப்பில் அகலமான பெல்ட் ஒன்றைக் கட்டி, அவர் சாயும் பக்கம் அரை அடி பின்னால் நின்று, பெல்ட்டின் பின்பக்கத்தில் கை வைத்திருங்கள். இழுக்க வேண்டாம், தயாராக இருந்தால் போதும்.

கைத்தடியைப் பொறுத்தவரை, இவருக்குக் காலில் பலம் குறையவில்லை என்பதால் தடி எடை தாங்குவதற்கு அல்ல. தரை எங்கே இருக்கிறது, உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்ற செய்தியைக் கை வழியாக மூளைக்குத் தருவதே அதன் வேலை. 1990-களில் ஜெகா, லாக்னர் ஆகிய ஆய்வாளர்கள் செய்த சோதனைகளில், அசையாத ஒரு பரப்பை 100 கிராமுக்கும் குறைவான அழுத்தத்தில் விரல் நுனியால் தொட்டாலே நிற்கும்போது உடல் ஆடுவது நன்றாகக் குறைந்தது. சுவரை லேசாகத் தொட்டபடி நடந்தால் அவர் நேராகப் போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆகவே இவருக்கு ஒற்றைத் தடி போதும். அடியில் நாலு கால் உள்ள தடி கூடுதல் பாதுகாப்பு என்று கடையில் சொல்வார்கள். நாலு காலும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி மெதுவாக வைத்தால்தான் அது நிற்கும். கொஞ்சம் வேகமாக நடந்தால் ஒரு கால் மட்டும் பட்டு ஆடும், பக்கவாட்டில் நீளும் காலில் அவர் பாதமே இடறும்.

தடியின் உயரமும் மணிக்கட்டுக் கணக்குத்தான். மரத்தடியை அறுப்பதாக இருந்தால் ரப்பர் புஷ்ஷின் தடிமனைக் கழித்து அறுங்கள். எந்தக் கையில் பிடித்தால் நேராக நடக்கிறார் என்று இரண்டிலும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். ஒரு கால் பலவீனமாக உள்ளவர்களுக்கு மட்டும் எதிர்ப்பக்கக் கைதான்: தடியும் பலவீனமான காலும் ஒன்றாக, பிறகு நல்ல கால். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். ரப்பர் புஷ்ஷின் அடியில் உள்ள வளையங்கள் தேய்ந்து வழவழப்பானால் உடனே மாற்றுங்கள். பழையதைக் கையோடு கொண்டுபோனால் அளவு தவறாது. வெளியே நீண்ட தூரம் நடக்க மலையேறுபவர்களின் இரட்டைக் கம்பு நன்றாக உதவும். இரண்டு கையும் வீசி நிமிர்ந்து நடக்க முடிகிறது.

பயிற்சியில் முதலிடம் கண்ணுக்கு. ஒரு சீட்டில் பெரிய "அ" எழுதி, கண் மட்டத்தில், கை நீட்டும் தூரத்தில் வெற்றுச் சுவரில் ஒட்டுங்கள். எழுத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் இடம் வலமாகத் திருப்ப வேண்டும், ஒவ்வொரு பக்கமும் 20, 30 டிகிரி போதும். எழுத்து மங்கத் தொடங்கும் வேகத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்திக்கொள்ளட்டும். ஒரு நிமிடம் செய்து, சற்று இளைப்பாறி, பிறகு மேலும் கீழுமாக ஒரு நிமிடம். இப்படி ஒரு நாளைக்கு மூன்று வேளையாவது, மொத்தம் 12 நிமிடத்துக்குக் குறையாமல். உட்கார்ந்து தொடங்கி, பிறகு நின்று, பிறகு காலைச் சேர்த்து நின்று, கடைசியில் கட்டம் போட்ட போர்வையைச் சுவரில் தொங்கவிட்டு அதன்மேல் எழுத்தை ஒட்டி. செய்யும்போது தலைசுற்றல் கொஞ்சம் அதிகமாக வேண்டும். கால் மணி, இருபது நிமிடத்தில் அடங்கினால் அளவு சரி. ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் வேகத்தைக் குறையுங்கள், பயிற்சியை நிறுத்தாதீர்கள்.

நிற்கும் பயிற்சிக்கு அறையின் மூலைதான் நல்ல இடம். முதுகுப் பக்கம் இரண்டு சுவர், முன்னால் ஒரு நாற்காலியின் முதுகு, எந்தப் பக்கம் சாய்ந்தாலும் விழமாட்டார். காலைச் சேர்த்து 30 விநாடி, மூன்று முறை. அது எளிதானதும் கண்ணை மூடி. பிறகு ஒரு காலின் குதிகாலை மறுகாலின் கட்டைவிரலுக்கு முன்னால் வைத்து. பிறகு கெட்டியான தலையணைமேல் நின்று. கண்ணை மூடுவதும் மெத்தென்ற பரப்பில் நிற்பதும், கண்ணும் பாதமும் தரும் உதவியைக் குறைத்து மீதியிருக்கும் இடது காதைப் பயன்படுத்த மூளையைக் கட்டாயப்படுத்தும். நடையில், சுவரோரமாக மூன்று காலடிக்கு ஒரு முறை தலையை இடம், வலம் திருப்பச் சொல்லுங்கள்.

இணையத்தில் தலைசுற்றலுக்கான காதோர்ன்-குக்ஸி பயிற்சிப் பட்டியல் கிடைக்கும். 1940-களில் இங்கிலாந்தில் உருவானது, இன்றும் பயன்படுகிறது. அதில் குனிந்து தரையிலிருந்து பொருளை எடுக்கும் பயிற்சி வரும். அறுவை செய்த மருத்துவர் அனுமதிக்கும்வரை அதை மட்டும் தள்ளிவையுங்கள். குனிந்தால், முக்கினால், எடை தூக்கினால் தலைக்குள் அழுத்தம் கூடும். காதுக்குப் பின்னால் மூடிய இடத்தின் வழியாக மூளைத் தண்டுவட நீர் (மூளையைச் சுற்றியிருக்கும் திரவம்) கசிய அது காரணமாகலாம். மூக்கிலிருந்து தண்ணீர்போல் தெளிவாகச் சொட்டினாலோ, தொண்டையில் உப்புக் கரித்தாலோ, தையல் ஈரமாக இருந்தாலோ, காய்ச்சலோடு கழுத்து இறுகினாலோ, தலைவலியும் மயக்கமும் கூடிக்கொண்டே போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு பக்கக் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும் அப்படித்தான்.

நன்றாக நடந்துகொண்டிருந்தவர் திடீரென்று பின்னுக்குப் போனால் மருந்துச் சீட்டையும் பாருங்கள். வலிப்பு வராமலிருக்க ஃபெனிடாய்ன் (எப்டாயின்) கொடுத்திருந்தால், இரத்தத்தில் அதன் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டும்போது கண் ஆடும், இன்னும் கூடினால் குடித்தவர்போல் நடை தள்ளாடும். ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். டெக்ஸாமெதசோன் (வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு) பல வாரம் எடுத்தவருக்குத் தொடைத் தசை இளைக்கும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாது, குந்தி உட்கார்ந்தால் எழவே முடியாது. அவர்களுக்கு 45 செ.மீ. உயர நாற்காலியில் உட்கார்ந்து எழுவதை வேளைக்கு எட்டுப் பத்து முறை செய்யவைத்தாலே நடை மாறும். இந்த இரண்டு மருந்தையும் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. படுக்கையிலிருந்து எழுந்ததும் மட்டும் கிறுகிறுத்தால், படுத்தபடி ஒரு முறையும் நின்ற 1, 3 நிமிடங்களிலும் இரத்த அழுத்தம் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் காரணம் காது அல்ல.

வாக்கரை விடுவதை நாள் கணக்கில் முடிவு செய்ய முடியாது. ஒருவர் அருகில் நிற்க, அவர் காலைச் சேர்த்துக் கண்ணை மூடி 30 விநாடியும், ஒரு காலுக்கு முன் மறுகாலை வைத்து 10 விநாடியும் எதையும் தொடாமல் நிற்கிறாரா? கைப்பிடி நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி? 12 அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் அபாயம் இன்னும் இருக்கிறது என்று பொருள். இவற்றில் தேறினால் வீட்டுக்குள் தடி, வெளியே வாக்கர். ஒரு வாரம் தடுமாறாமல் போனால் வெளியிலும் தடி. அதன்பின் வீட்டுக்குள் வெறுங்கை. ஒவ்வொரு மாற்றத்தையும் பிசியோதெரபிஸ்ட் ஒரு முறை நேரில் பார்ப்பது நல்லது. இருட்டு, மேடுபள்ளம், கடற்கரை மணல், பஸ் ஸ்டாண்டு நெரிசல் ஆகியவற்றுக்குத் தடி இன்னும் பல மாதம் கையில் இருக்கட்டும். தடி ஊன்றக் கூச்சப்படுவார். எதிரே வருபவர்கள் இடிக்காமல் விலகுவதற்கும் அது உதவும் என்று சொல்லிப் பாருங்கள்.

கட்டி சிறுமூளையிலேயே இருந்தவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே அசைவை அளவிடும் இடமே பாதிக்கப்பட்டிருப்பதால் முன்னேற்றம் மெதுவாக வரும், வாக்கர் நீண்ட காலம் தேவைப்படலாம்.

வீட்டில் ஆபத்தான இடம் குளியலறை. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் கண்ணை மூடும்போது, ஈரத்தரையில், ஒரு காது மட்டும் வேலை செய்ய நிற்கிறார். நின்று குளிக்கவே வேண்டாம், கைப்பிடியுள்ள பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரட்டும். வாக்கரின் அகலத்தையும் குளியலறைக் கதவையும் அளந்து பாருங்கள், பல வீடுகளில் நுழையாது. அப்படியானால் வாசலுக்கு வெளியிலும் உள்ளேயும் சுவரில் கைப்பிடிக் கம்பி போடுங்கள். வேட்டி, லுங்கியைக் கணுக்காலுக்கு மேல் கட்டட்டும். ஹவாய் செருப்புக்குப் பதிலாகப் பின்பட்டை உள்ள செருப்பைப் போடட்டும். இரவில் படுக்கையிலிருந்து கழிப்பறைவரை ஒரு சிறு விளக்கு எரியட்டும். கண் இமை சரியாக மூடாமல் முகம் கோணியிருந்தால், சொட்டு மருந்தைத் தவறவிடாதீர்கள். அந்தக் கண் மங்கினால் நடையும் கெடும்.

வலது காதில் கேட்காமல் போயிருந்தால் வண்டிச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியாது. சாலையில் வண்டிகள் வலப்பக்கம் போகும்படி நடக்க நேர்ந்தால் நீங்கள் அந்தப் பக்கம் நடங்கள். டூ வீலரை மருத்துவர் சொல்லும்வரை தொட வேண்டாம். நன்றாகத் தேறியபின்னும் காய்ச்சல், தூக்கமின்மை, நீண்ட பஸ் பயணம் இவற்றுக்குப் பிறகு ஓரிரு நாள் பழைய தள்ளாட்டம் எட்டிப் பார்க்கும். அப்போது தடியை எடுத்துக்கொண்டு, "அ" பயிற்சியை மறுபடி உட்கார்ந்த நிலையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். சில நாளில் அடங்காவிட்டால் அறுவை செய்த இடத்தில் காட்டுங்கள்.