1391 மட்டும் எழவில்லை என்றால் இழையின் வயதைப் பாருங்கள்

1331, 1351, 1371, 1391 நானோமீட்டர் என நான்கு அலைநீள ஒளிகளை மக்ஸ் (பல அலைநீளங்களை ஒன்றுசேர்க்கும் கருவி) வழியாக ஒரே ஒளியிழையில் சேர்த்து 30 கிலோமீட்டர் அனுப்புகிறீர்கள். முதல் இரண்டும் ஓடுகின்றன, 1371 விட்டுவிட்டு வருகிறது, 1391-இல் இணைப்பு எழவே இல்லை, ஆனால் மேசையில் வைத்துச் சோதித்தால் நான்கும் ஓடுகின்றன என்கிறீர்கள். சரி, அப்படியென்றால் எஸ்எஃப்பியை (ஒளியை அனுப்பிப் பெறும் செருகு அலகு) மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. சிக்கல் இழையில்தான் இருக்க வேண்டும்.

பழைய ஒற்றைமுறை (சிங்கிள் மோட்) இழைகளில், தயாரிப்பின்போது கண்ணாடிக்குள் தங்கிவிட்ட ஹைட்ராக்சில் அயனிகள் 1383 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை உறிஞ்சிவிடும். உங்கள் 1391 அதற்கு 8 நானோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. 1371 கொஞ்சம் தப்பிக்கிறது. மேசையில் இழை ஓரிரு மீட்டர்தான் என்பதால் இந்த இழப்பு தெரியாது. ஜி.652.டி வகை இழையில் இந்த இழப்பு மேடு கிட்டத்தட்ட இல்லை. கேபிள் உறையில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள்.

உறுதி செய்ய, இணைப்பு முனைகளை நன்றாகத் துடைத்துவிட்டு, பவர் மீட்டரால் ஒவ்வொரு சேனலையும் (அலைநீளத்தையும்) மக்ஸுக்கு முன்பும், மறுமுனையில் அலைநீளங்களைப் பிரிக்கும் டீமக்ஸுக்குப் பின்பும் அளந்து பாருங்கள். 1331-இன் இழப்பைவிட 1391-இன் இழப்பு பல டெசிபல் கூடுதலாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

தீர்வு, 1383-ஐ விட்டுத் தள்ளியிருக்கும் 1471 முதல் 1611 வரையுள்ள எட்டு சேனல்களுக்கு மாறுவதுதான். எஸ்எஃப்பியை மட்டும் மாற்றினால் போதாது. மக்ஸின் ஒவ்வொரு போர்ட்டிலும் உள்ள வடிகட்டி தன் அலைநீளத்தை மட்டுமே விடும், அதனால் இரு முனை மக்ஸையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.