நாலு துறையும் மாமிர ரேடியோவும்

வணக்கம் சேர். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்துல கம்ப்யூட்டர் படிச்சிட்டு இப்ப ஒரு லைப்ரரியில வேலை செய்றன். ஹவாய்ப் பல்கலைக்கழகத்துல கொம்யூனிகேஷன், கம்ப்யூட்டர், லைப்ரரி, மெனேஜ்மென்ட் ஐடி நாலையும் சேத்து ஒரு பிஎச்டி இருக்கு. அப்ளை பண்ண ஆசை. "நாலு துறையெண்டா ஒண்டும் உருப்படியா வராது" எண்டுறாங்க. என்னை மாதிரி சாதாரண ஆளுக்குச் சரிவருமா? ஐஈஎல்டிஎஸ் இங்கிலீஷ் சோதினைக்கு எப்பிடி ரெடியாகிற?
— ஒரு வாசகர், செங்கலடி

தம்பி,

முதல்ல ஏச்சு. கடிதத்த நான் சுருக்கித்தான் போட்டிருக்கன், முழுசுலயும் நாலு இடத்துல "சாதாரண ஆள்" வருது. அந்தக் கதைய விடுங்க. காரைதீவுல பிறந்த விபுலானந்த அடிகள் சயன்ஸ் படிச்ச மனுசன், அந்த அறிவ வெச்சித்தான் பழைய யாழத் தேடி 1947ல யாழ் நூல் போட்டாரு. நீங்க என்னடாண்டா நாலு துறைக்குப் பயப்புடுறீங்க.

ஹவாய் எண்டதும் எனக்கு மட்டக்களப்புக் கடற்கரையில இருக்கிற கல்லடிதான் ஞாபகம் வந்திச்சி. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமாத்ராப் பக்கம் நிலம் நடுங்கினது நம்மட நேரம் ஏழு மணிக்கு ரெண்டு நிமிசம் இருக்கக்குள்ள. ஹவாயில இருக்கிற பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் ஒரு கால்மணித்தியாலத்துல செய்தி அனுப்பிட்டு, ஆனா பசிபிக் பக்கத்து நாடுகளுக்கு, உங்களுக்கு ஆபத்தில்லையெண்டு. அவங்களுக்குக் குடுத்த வேலை அதுதான், பிழை சொல்ல ஏலாது. நம்ம கரைக்குக் கடல் வர இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல இருந்திச்சி. அவ்வளவு நேரமும் எங்கட மாமி வீட்டுக் குசினியில ரேடியோ பாடிக்கொண்டுதான் இருந்த, பற்றறி மூடி உடைஞ்சி ரப்பர் பேண்ட் போட்ட சின்ன ரேடியோ, மாமி தேங்கா திருவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாவாம். பாட்டுக்கு நடுவுல ஒரு வசனம் வந்திருந்தாக் காணும். தண்ணி வத்தினாப் பிறகு ரேடியோ வேலியில கிடந்திச்சி, ரப்பர் பேண்ட் கூடக் கழரல்ல. மாமியத்தான் காணல்ல.

இப்ப சொல்லுங்க, இது எந்தத் துறைப் பாடம்? ஹவாயில கணக்குப் போட கம்ப்யூட்டர் இருந்திச்சி, கல்லடியில ரேடியோவும் இருந்திச்சி. லீவு நாள் காலையில ஆர் ஆருக்குப் போன் எடுக்கிற, எடுத்தாலும் எந்தப் பாஷையில சொல்லுற, அதுதான் இல்ல. கம்ப்யூட்டர்காரனக் கேட்டா அது மீடியா வேலை எம்பான், மீடியாக்காரன் எங்களுக்கு ஆரும் சொல்லல்லயே எம்பான். 1883ல கிராகட்டோவா எரிமலை வெடிச்சப்பவும் அம்பாறைப் பக்கம் பாணமையில கடல் ஏறினது, அது எழுத்துலயே கிடந்திச்சி, ஆரு எடுத்துப் பாத்த? அது லைப்ரரி வேலை மனே, உங்கட வேலை! நாலு துறையும் தனித்தனியா நல்லாத்தான் இருந்த, இடையில கிடந்த பள்ளத்துலதான் நம்ம சனம் போனது. அந்தப் பள்ளத்தப் படிக்கப் போறன் எண்டு நிக்கிற புள்ளைக்கிட்டப் போய் உருப்படாது எண்டுறாங்களாம்.

ஐஈஎல்டிஎஸ்ஸுக்கு டவுன்ல கிளாஸ் நடக்குது, அங்க போய்க் கேளுங்க. அப்ளை பண்ண எழுதுற கட்டுரைய மட்டும் எனக்கு அனுப்புங்க, பாத்து ஏசுறன்.