காப்பேயா, போர்பனா?

கேள்வி: தலை வெட்டப்பட்ட பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி, போர்பன் வம்சம் என்றுதான் படித்திருக்கிறோம். விசாரணையில் அவரை 'லூயி காப்பே' என்று அழைத்தார்களாமே, எது அவருடைய உண்மையான குடும்பப் பெயர்?

பதில்: இரண்டுமே இல்லை. பிரெஞ்சு மன்னருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. 'லூயி' என்று கையெழுத்திட்டால் போதும்.

போர்பன் என்பது ஊர்ப் பெயர். பிரான்ஸின் நடுப்பகுதியில் வெந்நீர் ஊற்றுள்ள சிற்றூர் அது. ஒன்பதாம் லூயியின் கடைசி மகன் ரொபேர், அந்தச் சீமையின் வாரிசான பெயாட்ரிஸை 1272-ல் மணந்தார். மனைவி வழியில் சீமை வந்தது, அதோடு பெயரும் ஒட்டிக்கொண்டது. அந்தக் கிளையில் வந்த நான்காம் ஆன்ரி 1589-ல் மன்னரானதால்தான் உலகத்துக்கே போர்பன் தெரிந்தது.

காப்பே இன்னும் பழையது. 987-ல் மன்னரான யூக் என்பவரின் பட்டப்பெயர். 'காப்பா' என்ற மேலங்கியிலிருந்து வந்தது என்பார்கள். ரொபேரும் அவர் வழி வந்தவர்தான். ஆனால் பட்டப்பெயர் எப்படிக் குடும்பப் பெயராகும்?

ஆக்கியது பிரெஞ்சுப் புரட்சி. 1790 ஜூன் 19-ல் பிரபுப் பட்டங்களை ஒழித்த சட்டம், எவரும் தன் குடும்பத்தின் உண்மைப் பெயரை மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும் என்றது. படைத்தலைவர் லாஃபாயெத்தின் பெயரைப் பாருங்கள்: 'ழில்பேர் து மோத்தியே, மார்கி த லாஃபாயெத்' என்பதில் மோத்தியே குடும்பம், மார்கி பட்டம், லாஃபாயெத் நிலம். பட்டமும் நிலமும் கழிந்து லாஃபாயெத் வெறும் மோத்தியே ஆனார். புரட்சிச் சபையின் பேர்போன பேச்சாளரான மிராபோ பிரபு 'ரிக்கெத்தி' ஆனார். ஐரோப்பாவுக்கே தன்னை அடையாளம் தெரியாமல் செய்துவிட்டதாகப் பத்திரிகைக்காரர்களிடம் எரிந்து விழுந்தார். (பெயரில் 'இன்ன ஊரின்' என்று பொருள்படும் 'த' இருந்தாலே பிரபு என்று இங்கே பலர் எழுதுகிறார்கள். தவறு. சாதாரணக் குடிகளுக்கும் அது உண்டு. அது இல்லாத பிரபுக்களும் உண்டு.)

மன்னரிடம் கழிக்க எல்லாம் இருந்தது, மிஞ்ச எதுவும் இல்லை. எனவே எண்ணூறு வருடத்துப் பட்டப்பெயரைத் தோண்டி எடுத்து மாட்டினார்கள். 1792 டிசம்பர் 11-ல் விசாரணைக்கு அழைத்துப்போக வந்த பாரிஸ் மேயர் ஆணையை வாசித்தபோது, காப்பே தன் பெயர் அல்ல, தன் முன்னோர் ஒருவரின் பெயர் என்று லூயி திருத்தினார். அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னதே சரி. யாரும் கேட்கவில்லை. அடுத்த அக்டோபரில் அவர் மனைவி மரி அந்துவானெத்தையும் 'காப்பேயின் விதவை' என்றே விசாரித்தார்கள்.

வம்சத்தைக் குறிக்கப் போர்பன் என்று எழுதுங்கள். 'லூயி காப்பே' என்று எழுதினால், அது புரட்சிக்காரர்கள் சூட்டிய பெயர் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.